துறைமுகத்துப் பக்கம் சாப்பிடவும் காற்று வாங்கவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் போட்டு, "நீங்க ராயபுரத்துக்காரர், உங்க பக்கம் எங்க சாப்பிடலாம், எங்க உட்காரலாம்னு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் இருக்கப் போகிறார்களாம். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். ஆனால் இலை போடுவதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அந்த மணல் அவ்வளவு அகலமாக எப்படி வந்தது? 1876-ல் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல் சுவர் எழும்பியதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகன்றது. வடக்கே எங்களுக்கு மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை அரித்துக்கொண்டே போனது. கட்டுமரம் இழுத்துப் போட்ட இடத்தில் இப்போது கருங்கல் குவியல்தான் கிடக்கிறது. "உங்க பக்கம் ஏன் சார் பீச்சே இல்லை?" என்று யாராவது கேட்டால், "நீங்க மெரினாவில காலை உதறிட்டு வர்றீங்களே, அது எங்க மணல்தான்" என்பேன். கேட்பவர் சிரிப்பார். மீனவர் குடும்பங்களுக்கு அது சிரிப்பு சமாசாரம் இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது; 1964-ல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் ஏற்பட்டதுதான் அந்தக் கடை வரிசை. வெளிநாட்டு சாமான் வாங்க அங்கே போனவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். சாமான் இருக்கட்டும். சாயங்காலம் பின்பக்கத் தெருவில், செகண்ட் லைன் பீச்சில், தள்ளுவண்டி வைத்து அத்தோ கலக்குவார்கள், அங்கே போங்கள்.

அத்தோ என்பது பர்மியர்களின் கலவை உணவு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய், மேலே பேஜோ என்கிற மொறுமொறு அடையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். ஸ்பூனால் கலக்கினால் அந்த ருசி வராது. இது என் தீர்மானமான அபிப்பிராயம், விவாதத்துக்கு இடமில்லை! தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். கூடவே வேக வைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து ஒன்று கொடுப்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ரங்கூனில் பிறந்த சமையல் இன்று மண்ணடியில் நம்ம ஊர்ச் சாப்பாடாகிவிட்டது. கலக்குகிறவர்களில் பலர் பர்மாவைக் கண்ணால் பார்த்திராத பேரப்பிள்ளைகள்.

ரம்ஜான் மாதத்தில் வருகிறவர்கள் மண்ணடிப் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சியை விட்டுவிடாதீர்கள். செளகார்பேட்டை பக்கம் நெய் மிதக்கும் இட்லி, மின்ட் தெரு ஜிலேபி எல்லாம் ஏற்கெனவே பேர் வாங்கியவை. நான் சொல்லி ஆக வேண்டியதில்லை.

மீன் வாங்க வேண்டுமா, விடியற்காலை காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நிற்க இடம் இருக்காது. வஞ்சிரம் பின்னாலேயே எல்லோரும் ஓடுகிறார்கள். சங்கராவும் கானாங்கெளுத்தியும் குழம்புக்கு அதைவிட உசத்தி என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். அந்த மாதங்களில் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வெளியூர் மீன் வரும். "எந்த ஊர் மீனும்மா?" என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். சிறு படகில் போய்ப் பிடித்த மீன் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். படகு கட்டிக் கிடக்கும் நாளிலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

சாப்பிட்டாயிற்று, எங்கே உட்காருவது? என் இடம் அறிஞர் அண்ணா பூங்கா. பழைய பேர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம் அது. இன்று பெரியவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் படகுக்காரர்கள் கட்டிய புனித ராயப்பர் கோயில். பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். அதனால்தான் ஊர் ராயபுரம். பார்சிகளின் அக்னி ஆலயமும் இங்கேதான் இருக்கிறது, 1910-ல் கட்டியது. உள்ளே நம்மை விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் வந்ததே 1873-ல். அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. மின்சார ரயில் பிடிக்க ஓடுகிற கூட்டம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வட சென்னை என்றாலே சினிமாவில் கத்தியைத்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நம் பக்கத்துப் பிள்ளைகளே இன்டர்வியூவில் வீட்டு விலாசம் சொல்லத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2019-லிருந்து மண்ணடிக்கு மெட்ரோவே வருகிறது. உங்கள் ஹாஸ்டல் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களே காட்டுங்கள்.

நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு பீச் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் மதியம் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முதல் பிளேட் அத்தோ என் கணக்கு. இரண்டாவது பிளேட்டுக்குச் செயலாளரைக் கேளுங்கள்.