பூட்டிய விடுதியில் ஒரு கிறிஸ்துமஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது சொல்லுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விசா, வேலை, சம்பளம் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 1998 டிசம்பர் 25, வெள்ளிக்கிழமை. இடம், வட இங்கிலாந்தில் நியூகாசில் நகரம்.

மேற்படிப்புக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் நடுவில் வகுப்புகள் முடிந்து, விடுதி காலியாக ஆரம்பித்தது. கூடப் படித்த ஆங்கிலேய நண்பர், "எங்க வீட்டுக்கு வாயேன்" என்று கூப்பிட்டார். ஒரு பேச்சுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போதாததற்கு நான் சைவம். பண்டிகை நாளில் அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று, "வேற இடத்துக்குப் போறேன்" எனப் பொய் சொல்லிவிட்டேன். போனில் அம்மாவிடம், "நண்பர் வீட்டுக்குப் போறேம்மா" என்று இன்னொரு பொய்.

நம் ஊரில் பண்டிகை என்றால் தெருவெல்லாம் ஜனம். அங்கே நேர்மாறு. கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் ரயில் ஓடாது. கடைகள் மூடிக் கிடக்கும். இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று திறக்கவே கூடாது என்று 2004-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். காலை எட்டரைக்குத்தான் விடியும். பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். ஜன்னலில் பார்த்தால் எதிர் வீடுகளில் வண்ண விளக்கு எரியும், தெருவில் ஒரு காக்கா குருவி இருக்காது.

முதல் நாளே கடைக்குப் போய் ஒரு பெட்டி மின்ஸ் பை, ஒரு சின்ன கிறிஸ்துமஸ் புட்டிங், வாடகைக்கு இரண்டு வீடியோ கேசட் வாங்கி வைத்திருந்தேன். மின்ஸ் என்றால் கொத்துக்கறி என்று பயப்பட வேண்டாம். பழைய காலத்தில் கறி போட்டார்கள். இப்போது உலர்ந்த திராட்சை, ஆப்பிள், பட்டை, கிராம்புதான். ஆனால் இரண்டிலுமே மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்ததும் கிடைக்கும். சைவக்காரர்கள் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போன மாணவர் ஒருவர் தன் டிவியையும் வீடியோவையும் என் அறையில் விட்டுப் போயிருந்தார். முதலில் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' போட்டேன். 1946-இல் வந்தபோது எதிர்பார்த்த வசூல் இல்லாத படம். 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால், அமெரிக்க டிவிக்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இலவசமாகப் போட்டுப் போட்டே புகழ்பெற்றுவிட்டது. கடைசிக் காட்சியில் ஊரே கதாநாயகன் வீட்டில் திரண்டு நிற்கிறது. பார்த்து முடித்தபோது வெளியே இருட்டிவிட்டது. அறையில் நானும் காலிப் பெட்டியும்.

இனிப்பு திகட்டிப்போய், நாக்கு உப்பும் உறைப்பும் கேட்டது. சமையலறைக்குப் போய் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது, மிளகாய் கருகியது, புகை மேலே போனது. அவ்வளவுதான், தீ அபாய மணி கட்டடம் முழுக்க அலற ஆரம்பித்தது. அங்கே மணி அடித்தால் யாராக இருந்தாலும் வெளியே போயாக வேண்டும். கம்பளிச் சட்டைகூட இல்லாமல் ஓடினேன். நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்த அந்தப் பெரிய கட்டடத்திலிருந்து இன்னொருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்!

எத்தியோப்பியா நாட்டு மாணவர். மேல் மாடி. அவர் சபையில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ஆம் தேதி. அதற்கு முன் 43 நாள் நோன்பு. கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். நடுங்கிக்கொண்டே என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "மூணு நாளா உங்க சமையல் வாசனை வந்துக்கிட்டே இருந்தது. கதவைத் தட்டலாமான்னு நினைச்சேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அன்று இரவு இரண்டு பேரும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே 'ஹோம் அலோன்' பார்த்தோம். திருடன் வழுக்கி விழும்போதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பில் மறுபடியும் மணி அடித்துவிடுமோ என்று பயந்தேன். ஜனவரி 7 அன்று அவருக்கு நோன்பு முடிந்தது. கறி சமைக்க வேண்டிய நாளில் எனக்காக 'மிசிர் வொட்' என்கிற காரமான மைசூர்ப் பருப்புக் குழம்பு வைத்தார்.

ஆனால் படம் முடிந்து படுத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு தீபாவளி. நாலு நாள் விடுமுறை, மெஸ் மூடியாயிற்று. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ஊர் அந்தமான். போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகவே மூன்று நாள் ஆகும். அவன் எங்கே போவான்? என் ஊருக்கோ பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வரேன்டா" என்று அவன் அறையைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்து நாலு முறுக்கு கொடுத்தேன். எங்கே சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.

அந்த நண்பர் இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று ராத்திரிதான் கேட்டேன். "ரெண்டு நாள் ஸ்டேஷன் பக்கம் புரோட்டா. தீபாவளி அன்னிக்கு நம்ம வாட்ச்மேன் வீட்டுல இலை போட்டுச் சாப்பாடு. இதை இப்பவா கேக்குற?" என்று சிரித்தார். நம்மோடு படித்த அறுபது பேருக்குத் தோன்றாதது அந்த வாட்ச்மேனுக்குத் தோன்றியிருக்கிறது.

தம்பி தங்கைகளே, வெளிநாடு போனால் ஒரு பண்டிகையாவது தனியாகத்தான் கழியும். பலகாரம் வாங்குங்கள், படம் பாருங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். யாரும் கூப்பிடாவிட்டால், மாடி ஏறிப் போய் ஒரு கதவைத் தட்டுங்கள். அதற்கு முன்னால் இங்கேயே ஒரு வேலை இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது, உங்கள் வராந்தாவில் எந்த அறை பூட்டாமல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் இன்னொரு டிக்கெட், வீட்டில் இன்னொரு இலை. அவ்வளவுதான் செலவு.

அம்மாவிடம் அடுத்த வாரமே உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அந்தப் பையனுக்கு ஒரு நாள் ரசம் வச்சுக் குடு" என்றார்.