டயரில் எழுதியிருப்பதைப் படிப்போம்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் பிக்கப் ஓட்டுநர் ஒருவர் பேசியது)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல. வண்டி ஓட்டுகிறவன். ரங்கத்திலிருந்து காய்கறி, பாக்கு, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போவேன். அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் நம் வாயில் போர்ட் பிளேர் என்றுதான் வருகிறது.

"டயரைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் வகுப்பு ஆசிரியை சொன்னார். டயரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2016-ஆம் ஆண்டு. மழைக்காலம் தொடங்கும் நேரம். என் வண்டியின் பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். "அண்ணே, புது டயர். மேலே ஒட்டின தாளைக்கூடப் பிரிக்கவில்லை. உங்களுக்காக விலை குறைத்துத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். பார்த்தேன். பளபளவென்று கறுப்பாக இருந்தது. பட்டனும் முழுசாக இருந்தது. வாங்கி மாட்டிவிட்டேன்.

நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் விடியற்காலை. வண்டியில் வாழைத்தார். பக்கத்தில் என் அக்கா மகன். கதம்தலா வருவதற்கு முன் ஓர் இறக்கம். பின்னால் படார் என்று சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓடையில் இறங்கியது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பையனுக்குத் தோளெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவன் வேலைக்குப் போகவில்லை. வாழைத்தார் முழுவதும் வீண்.

பஞ்சர் கடையில் ஒரு பெரியவர் கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, இது எந்த வருஷத்து டயர் தெரியுமா?" என்று கேட்டார். "இந்த வருஷம் வாங்கினது" என்றேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு நீள்வட்டம். அதற்குள் 2309 என்று நான்கு எண்கள்.

"2009-ஆம் வருஷம், 23-ஆவது வாரம் செய்த டயர் இது. உன்னிடம் வரும்போதே ஏழு வயசு" என்றார்.

எனக்கு எண் தெரியாதா? தெரியும். தினமும் பணம் எண்ணுகிறவன் நான். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையனின் தோள்தான் கண் முன்னால் நின்றது.

ஏழு வயதான டயர் என்றால் எல்லாமே வெடித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ரப்பர் சும்மா இருந்தாலும் வயதாகும். வெயிலும் வெப்பமும் காற்றும் பட்டு இறுகும். மெல்லிய வெடிப்பு விழும். மேலே கறுப்புப் பூச்சு பூசினால் அது கண்ணுக்குத் தெரியாது. பாரம் ஏற்றி இறக்கத்தில் சூடாகும்போதுதான் வேலையைக் காட்டும்.

நம் தீவுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஏன்? டயர் இங்கே செய்வதில்லை. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். வந்த சரக்கு மெல்லத்தான் விற்கும். ஆகவே கடையில் பழைய டயர் இருக்க இடம் உண்டு. அந்த நான்கு எண்களைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். முதல் இரண்டு எண் வாரம். கடைசி இரண்டு எண் வருடம். ஒரு பக்கத்தில் தெரியவில்லை என்றால் டயரைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில் இருக்கும்.

இப்போது நம் சாலைக்கு வருவோம். அந்தமான் நெடுஞ்சாலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தெற்கே தலைநகரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஒரு பக்கம் நல்ல தார். இன்னொரு பக்கம் வேலை நடந்து மண்ணாகக் கிடக்கும். மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை மழை. ஓராண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் நம் ஊர்.

ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர் ஜராவா மக்களின் காப்புக்காடு. அங்கே காவல்துறையோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. அது அந்த மக்களின் நலனுக்கான விதி. அந்த இடத்தில் டயர் போனால் நிற்காமல் என்ன செய்வது? நமக்கும் சங்கடம், பின்னால் வருகிறவர்களுக்கும் சங்கடம். அதனால் ஜிர்காடாங்கில் வரிசையில் காத்திருக்கும்போது நான் இறங்கி நான்கு டயரையும் கையால் தடவிப் பார்ப்பேன். கல் மாட்டியிருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்டெப்னியையும் பார்ப்பேன். பலர் ஸ்டெப்னியை மறந்தே போய்விடுகிறார்கள்!

காடு தாண்டினால் படகுத்துறை. பாரதாங் பக்கம் நீலம்பூர் துறையில் வண்டியைப் படகிலிருந்து இறக்கி ஏற்றும் சரிவு இருக்கிறதே, அது எப்போதும் ஈரம். பாசி பிடித்தால் எண்ணெய் போல வழுக்கும். மொட்டை டயரோடு பாரம் ஏற்றி அங்கே ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆக, நமக்கு எந்த டயர் நல்லது?

கடையில் மூன்று வகை வைத்திருப்பார்கள். ஒன்று தார்ச்சாலை டயர். பட்டன் நெருக்கமாக இருக்கும். நடுவில் நீளக் கோடுகள் ஓடும். இன்னொன்று சேற்று டயர். பெரிய பெரிய கட்டியாக, இடைவெளி அகலமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதை 'ஆல் டெரைன்' டயர் என்பார்கள். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று பொருள். டயரில் 'ஏ', 'டி' என்று இரண்டு ஆங்கில எழுத்து போட்டிருக்கும்.

பட்டனுக்கு நடுவில் இடைவெளி எதற்கு? சேற்றில் போகும்போது மண் அந்தச் சந்தில் ஏறும். சக்கரம் சுற்றும்போது மண் வெளியே தெறித்து விழ வேண்டும். சந்து குறுகலாக இருந்தால் மண் அடைத்துக்கொள்ளும். பிறகு டயர் களிமண் உருண்டைதான். ஒரே இடத்தில் சுற்றும். இதற்கு ஏடி டயர் நல்லது. கூரான கல்லையும் அது கொஞ்சம் தாங்கும்.

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சந்து அகலமானால் தரையில் படும் ரப்பர் குறையும். நனைந்த தாரில் பிரேக் அடித்தால் நல்ல தார்ச்சாலை டயர் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். சத்தமும் அதிகம். டீசலும் கூடக் குடிக்கும். சேற்று டயரில் இந்தக் குறை எல்லாம் இன்னும் அதிகம். இளைஞர்கள் சிலர் பார்வைக்கு அழகு என்று சேற்று டயர் மாட்டுகிறார்கள். கடைத்தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு அது எதற்கு? பணம் அவர்களுடையது. ஆனால் சாலை எல்லோருக்கும் உரியது.

என் கணக்கு இதுதான். பத்து நாளில் எத்தனை நாள் மண்ணில் ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பேன். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தார்ச்சாலை டயரே போதும். நான்கைந்து நாள் தோட்டப்பாதை, ஓடைக்கரை என்றால் ஏடி டயர். நான் ஏடி போட்டிருக்கிறேன். ஏனென்றால் பாக்குத் தோட்டத்துக்கு உள்ளேயே போய் ஏற்ற வேண்டியிருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையைத்தான் போட்டேன். கையில் பணம் இல்லாமல் இரண்டுதான் வாங்க முடிந்தால், இரண்டையும் பின்னால் ஜோடியாகப் போடுங்கள். இடது பக்கம் ஒரு வகை, வலது பக்கம் ஒரு வகை வேண்டாம்.

அடுத்து அளவு. டயரில் 215/75 ஆர் 15 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது உயரம். அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு உயரம் என்று பொருள். 'ஆர்' என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். உங்கள் வண்டிக்கு என்ன அளவோ அதையே வாங்குங்கள். பெரிய டயர் போட்டால் வளைவில் மட்கார்டில் உரசும். கி.மீ. காட்டும் முள்ளும் தப்பாகக் காட்டும்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. 112 என்றால் 1120 கிலோ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காருக்குச் செய்த டயரைப் பிக்கப்பில் மாட்டி விற்கிறவர்கள் உண்டு. ரிம்மில் அது உட்கார்ந்துவிடும். ஆனால் பாரத்துக்கு உட்காராது. முன்பு உங்கள் வண்டியில் இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதற்குக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது மாற்றுவது? பட்டன் சந்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் மழைக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய தாளில் இருக்கும். வெறும் வண்டிக்கு ஓர் எண், பாரத்துக்கு ஓர் எண். கடல் தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் ரிம்மைக் கழுவுங்கள். உப்பில் ரிம் துருப்பிடித்தால் டியூப் இல்லாத டயரில் ஓரமாகக் காற்று கசியும்.

கழற்றிய பழைய டயரை வீட்டு வாசலில் போடாதீர்கள் அக்கா. படகுத்துறையில் கட்டக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். வைத்தே தீர வேண்டும் என்றால் ஓட்டை போட்டு வையுங்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ரப்பர் நமக்கு அந்நியம் இல்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி மலையகத் தமிழர் பலர் இந்தியா வந்தார்கள். அவர்களில் சில குடும்பங்களை 1970-களில் நிக்கோபாரில் கச்சால் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பர் தோட்ட வேலைக்கு. 2004 ஆழிப்பேரலை அந்தத் தீவைக் கடுமையாகத் தாக்கியது. டயரைத் தொடும்போதெல்லாம் மரத்தில் பால் வெட்டிய அந்தக் கைகள் எனக்கு ஞாபகம் வரும்.

நேரமாகிவிட்டது. என் வண்டி வெளியே நிற்கிறது. கரும்பலகைக்கு அடியில் சாக்கட்டி இருக்கிறது பாருங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் மேல் தேய்த்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். வாருங்கள், என் டயருக்கு என்ன வயது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்.