பக்கத்து வீட்டாராக ஏற்போம்



தங்களிடையே வாழும் அந்நியரை உள்நாட்டில் பிறந்தவர்போல் நடத்தும்படி இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்டதை லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களும் ஒருகாலத்தில் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்கள் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

சேர்வராயன் மலையில் வாழும் நமக்கும் அத்தகைய நினைவு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் வளர்ந்த காலத்தில்தான், சேலம், திருச்சி, மதுரைப் பகுதி ஏழைகள் கங்காணிகளோடு இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களில் மிகப் பலர் 1948இல் குடியுரிமை இழந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினார்கள். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாய் வந்தவர்களிலும் மலையகத் தமிழர் பலர் உண்டு. நம் ஊர்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

நம் சேலம் மாவட்டத்திலும் அவர்களுக்கான முகாம்கள் உள்ளன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021இல் தமிழக அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பலகையில் மாறிய பெயர் நம் நாவிலும் மாற வேண்டாமா? இங்கேயே பிறந்து, படித்து, பிள்ளை பெற்றவரை இன்னும் ‘அகதி’ என்றே அழைக்கலாமா?

சேலையும் அரிசியும் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடலாம். ஆனால் ஒரு குடும்பம் வேரூன்ற ஆண்டுகள் ஆகும். காப்பி நாற்றை நடுகிறவர் நிழல் மரமும் வளர்த்து, மூன்று நான்கு ஆண்டுகள் பலனுக்குக் காத்திருப்பது நமக்குத் தெரியாததா? வரவேற்பு, பாதுகாப்பு, முன்னேற்றம், ஒன்றிணைப்பு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் நம்முன் வைத்த நான்கும் இந்தப் பொறுமையைத்தான் கேட்கின்றன.

ஆகவே ஒவ்வோர் அன்பியமும் ஒரு குடும்பத்தோடு உறவு கொள்ளட்டும். முகாமுக்குள் செல்ல அரசின் அனுமதி வேண்டும். பங்குத்தந்தை வழியாக அதைப் பெறுவோம். படித்த இளையோர் வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் அலுவலகம்வரை துணைக்குப் போகலாம். நோயாளியோடு மருத்துவமனையில் ஓர் இரவு இருக்கலாம். நம் வீட்டுத் திருமணத்துக்கு அவர்களை அழைப்போம். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போவோம். அவர்களில் பலர் இந்துக்கள். நல்ல சமாரியர் மதம் கேட்டு உதவவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பத்துக்கு அங்கே யாரோ கதவு திறந்திருப்பார்கள். அவர்களின் பெயர் நற்செய்தியில் இல்லை. பெயர் தெரியாத அந்த நல்லவர்களோடு நம்மையும் இறைவன் சேர்த்துக்கொள்வாராக. ஆமென்.