கணக்கேட்டைக் காக்கும் கைகள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவரின் பெயருக்கு நேரே அன்றைய அடையாளம் விழும். மாதக் கடைசியில் அந்த அடையாளங்களைக் கூட்டித்தான் சம்பளம் போடுவார்கள். அடையாளம் விழாமல் போனால், பகல் முழுவதும் பால் வாளி சுமந்திருந்தாலும் அந்த நாள் கணக்கில் இல்லாத நாள்தான்.

என் தந்தையார் கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1990-களின் தொடக்கத்தில், நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதம் அவருடைய சம்பளத்தில் ஆறு நாள் குறைந்துவிட்டது. ஆபீசுக்குப் போனார், நானும் கூடவே போனேன். “கிராணி ஐயா, ஆறு நாள் பேரு விழலைங்களே” என்றார். கிராணியார் நல்ல மனிதர். புத்தகத்தைத் திறந்து காட்டினார். கூரை ஒழுகி, மழைத் தண்ணீர் பட்டு, அந்தப் பக்கத்தில் மை கரைந்து போயிருந்தது. “நீ வேலைக்கு வந்தது எனக்குத் தெரியும்ப்பா. ஆனா புத்தகத்துல இல்லாததை நான் எப்படி எழுதுறது?” என்றார். அந்த ஆறு நாள் சம்பளம் கடைசிவரை வரவே இல்லை.

இதில் யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. ஒரே புத்தகம், ஒரே அலமாரி, ஒரே ஆள். குறை அங்கேதான் இருந்தது. இன்று சம்பளக் கணக்கு, சேமநிதிக் கணக்கு, பிறப்புப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. அப்படியானால், கணினிக்குள் இருக்கும் புத்தகத்தில் மை கரையாதா? அந்தப் புத்தகத்தைப் பழுதில்லாமல் காப்பவர்கள் யார்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கணினியில் உள்ள கணக்கேட்டைத் தரவுத்தளம் என்று சொல்கிறோம். தோட்டத்து ஆபீசில் ஒரு தொழிலாளிக்குப் பல புத்தகங்கள் இருந்தன. பெயர்ப் பட்டியல் ஒன்று, வேலை நாள் புத்தகம் ஒன்று, பால் நிறுத்த கணக்கு ஒன்று. எல்லாப் புத்தகத்திலும் முழுப் பெயரையும் வீட்டு விவரத்தையும் எழுதிக்கொண்டிருந்தால் ஒன்றில் ‘முனியம்மா’ என்றும் இன்னொன்றில் ‘முனியம்மாள்’ என்றும் வந்துவிடும். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, பெயரை ஓரிடத்தில் மட்டும் எழுதி, மற்றப் புத்தகங்களில் எண்ணை மட்டும் குறித்தால் குழப்பம் இல்லை. தேவைப்படும்போது எண்ணைக் கொண்டு புத்தகங்களை இணைத்துப் பார்க்கலாம். இப்படி அட்டவணைகளை உறவுபடுத்தி வைக்கும் முறையை, இங்கிலாந்தில் பிறந்த எட்கர் காட் என்னும் அறிஞர், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இதற்கு உறவுநிலைத் தரவுத்தளம் என்று பெயர்.

இந்த முறையில் இயங்கும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று போஸ்ட்கிரெஸ். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் அது உருவாகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத் திட்டம் முடிந்துவிட்டது. பெரும்பாலான திட்டங்கள் அத்தோடு தூசி படிந்து போயிருக்கும். ஆனால் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. 1994-95இல் அதைச் செப்பனிட்டு, எஸ்க்யூஎல் என்னும் வினவல் மொழியையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 1996 முதல் பல நாடுகளில் இருக்கும் தொண்டர்கள் அதைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை எந்தத் தனி முதலாளிக்கும் அது சொந்தம் இல்லை.

‘மூலநிரல்’ என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுகிறேன். கணினி என்ன செய்ய வேண்டும் என்று மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளே மூலநிரல். கடையில் பலகாரம் வாங்கினால் தின்னலாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. பக்குவத்தையும் சேர்த்துக் கொடுத்தால், உப்புக் கூடிவிட்டதென்று நாமே திருத்தலாம். பக்குவத்தை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். போஸ்ட்கிரெஸின் மூலநிரல் 10 லட்சம் வரிகளுக்கு மேல் இருக்கும். அவ்வளவையும் யாரும் படிக்கலாம். 1996 ஜூலை முதல் எந்த வரியை, யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார் என்ற வரலாறும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

சரி, மை கரையாமல் எப்படிக் காக்கிறார்கள்? வெளிக்காட்டுக்குப் போகும் ஒருவர் கணக்கை முதலில் சட்டைப் பை நோட்டில் குறித்துக்கொண்டு, ஆபீசுக்கு வந்தபின் பெரிய புத்தகத்தில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும்போது பாதியில் விளக்கு அணைந்தாலும் கவலை இல்லை. நோட்டைப் பார்த்து மறுபடி எழுதலாம். கணினியும் இதைத்தான் செய்கிறது. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் பெரிய ஏட்டில் ஏற்றும். நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, 1977-இல் அமெரிக்கா சென்ற சி. மோகன் என்பவர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். முறிந்துபோன கணக்கேட்டைக் குறிப்பேட்டின் துணையோடு எப்படி மீட்பது என்பதை அவரும் அவருடைய தோழர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் படிப்படியாக விளக்கினார்கள். ‘ஏரிஸ்’ என்று பெயர் பெற்ற அந்த முறை பல தரவுத்தளங்களுக்கு வழிகாட்டியது. போஸ்ட்கிரெஸ் தனக்கென்று வேறு வழி வகுத்துக்கொண்டாலும், முதலில் குறிப்பேடு, பிறகு பெரிய ஏடு என்ற அதே அடிப்படையில், 2001-இல் வந்த அதன் பதிப்பில் இந்தக் காவலைச் சேர்த்தது.

இத்தோடு வேலை முடிந்ததா? இல்லை, நேயர்களே. ஒன்றைக் கட்டுவது ஒரு வேலை. கட்டியதை நாளும் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் எழுதுவதை வட்டில் கொண்டுபோய் வைப்பது கணினியின் இயங்குதளம். அதை ஒரு லாரிக்காரராக எண்ணிக்கொள்ளுங்கள். “சரக்குப் போய்ச் சேர்ந்ததா?” என்று போஸ்ட்கிரெஸ் கேட்கும். “சேர்ந்தது” என்றால், இனி அந்தக் குறிப்பு தேவையில்லை என்று விட்டுவிடும். “சேரவில்லை” என்றால், சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்கும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரு சிக்கல் இருந்தது. முதல்முறை “சேரவில்லை” என்று சொன்ன லாரிக்காரர், அத்தோடு அந்தச் சரக்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார். இரண்டாம் முறை கேட்டால், சுமக்க ஒன்றும் பாக்கி இல்லாததால், “எல்லாம் சேர்ந்தது” என்பார்! போஸ்ட்கிரெஸும் நம்பிக் குறிப்பை விட்டுவிடும். ஒரு சத்தமும் இல்லாமல் கணக்கில் ஓட்டை விழும். என் தந்தையாரின் ஆறு நாளைப் போல.

2018-இன் தொடக்கத்தில் கிரேக் ரிங்கர் என்ற நிரலாளர் இதைக் கவனித்து எல்லாரும் பார்க்கும்படி எழுதினார். ஏறக்குறைய 20 ஆண்டுகளாக அந்த நம்பிக்கை நிரலுக்குள் இருந்திருக்கிறது. மிகக் கெட்டிக்காரர்கள் எழுதியதுதான். இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. பராமரிப்பவர்கள் இதை மூடி மறைக்கவில்லை. பல மாதங்கள் பேசி ஆராய்ந்து, 2019 பிப்ரவரியில் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தம் எளிமையானது. “சேரவில்லை” என்ற பதில் ஒருமுறை வந்தாலே போதும். மறுபடி கேட்டு ஏமாறாமல், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, குறிப்பேட்டிலிருந்து திரும்பத் தொடங்கிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் நின்று சரிபார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுதானே?

திருத்தம் செய்வதிலும் ஒரு முறை உண்டு. பால் வெட்டும் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும். அந்தப் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. நிரலும் அப்படித்தான். ஓரிடத்தில் அவசரப்பட்டுக் கை வைத்தால் வேறோரிடம் புண்ணாகும். ஆகவே, மாற்றம் எழுதியவர் அதைப் பொதுவில் வைக்க வேண்டும். மற்றவர் படித்துக் குறை சொல்வார். எழுதியவர் திருத்தி மீண்டும் வைப்பார். மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையையும், விளக்கக் குறிப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இறுதியாக மூலநிரலில் ஏற்றும் உரிமை சுமார் 30 பேருக்குத்தான் உண்டு. ஏற்றியபின், தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து தந்திருக்கும் பலவகைக் கணினிகள் அதைச் சோதித்துப் பார்க்கின்றன. ஆண்டுக்கு ஒரு புதிய பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும்.

பல கண்கள் பார்ப்பதன் அருமையை 2024-இல் உலகமே கண்டது. போஸ்ட்கிரெஸைப் பராமரிப்பவர்களுள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், அதன் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடித்தது. அரை வினாடிதானே என்று அவர் விடவில்லை. தேடிப் போனார். ‘எக்ஸ்இசட்’ என்ற வேறொரு சிறு மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. அந்த மென்பொருளை ஒருவரே நெடுங்காலம் தனியாகச் சுமந்து களைத்திருந்தார். உதவுவதுபோல் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழகி, நம்பிக்கை பெற்று, பிறகே அதைச் செய்திருந்தார். மார்ச் 29-ஆம் நாள் ஃபிராய்ண்ட் உலகுக்குத் தெரிவித்தார். பெரும் தீங்கு தடுக்கப்பட்டது.

இங்கேயும் அதே பாடம்தான். ஒரே ஆள் தலையில் கணக்கேட்டை வைத்தால், அவர் நல்லவராக இருந்தாலும் ஏடு பத்திரமாக இருக்காது. பலர் பார்க்க வேண்டும். பார்ப்பவர் சிறு மாறுதலையும் அலட்சியம் செய்யாமல் கேட்க வேண்டும்.

“இதெல்லாம் படித்த பெரியவர்கள் வேலை, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போகும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களின் தாத்தா பாட்டி தோட்டத்தில் உழைத்தவர்கள். மரத்தில் பட்டை கெடாமல் வெட்டத் தெரிந்த கைகளின் வழிவந்த பிள்ளைகளுக்கு நுணுக்கமும் பொறுமையும் வராதா? இந்த வேலைக்குள் நுழையச் சிறிய வாசல்கள் உண்டு. விளக்கக் குறிப்பில் பிழை கண்டால் திருத்தம் அனுப்பலாம். புதிய பதிப்பை முன்கூட்டியே சோதித்துக் குறை சொல்லலாம். மொழிபெயர்க்கலாம். 2007-இல் தமிழ்நாட்டின் கட்டற்ற மென்பொருள் தொண்டர் ஆமாச்சு, போஸ்ட்கிரெஸின் சில பகுதிகள் காட்டும் செய்திகளைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தார். அவை மூலநிரலிலேயே சேர்ந்தன. ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் செய்திகள் மாறும், கூடும். பெரும்பகுதி மொழிபெயர்க்கப்படாமல் பின்தங்கும் மொழிக்கு வெளியீட்டில் இடமில்லை என்பது அவர்களின் விதி. மொழியையும் ஒருமுறை நட்டால் போதாது. ஆண்டுதோறும் களை எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் தேவை.

கணினி இல்லாத வீட்டிலும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சேமநிதிக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான பத்திரத்துக்கு நகல் எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் “போகட்டும்” என்று விடாமல் உடனே கேளுங்கள்.

என் தந்தையார் அன்று தலை குனிந்து வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ஒரு சிறு நோட்டும், அதில் அவரே போட்ட ஆறு கோடுகளும் இருந்திருந்தால், கிராணியாரும் மகிழ்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி எழுதியிருப்பார். நம் பிள்ளைகள் அந்த நோட்டைக் கையில் எடுக்கட்டும். நாளைக்கு உலகத்தின் கணக்கேட்டைத் திருத்தும் கைகளில் அவர்களுடைய கைகளும் சேரட்டும்.