ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி

இந்த எபிசோடைக் கேட்குறவங்கள்ல பல பேர் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் சம்பளம் இல்லாத கம்ப்யூட்டர் மெக்கானிக்கா இருப்பீங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போய் பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள, "தம்பி, அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது, ஒரு எட்டு பாத்துடேன்"னு ஒரு குரல் வரும். நீங்க ஐ.டி. கம்பெனியில ஹெச்.ஆர். வேலை பார்த்தாலும் அவங்களுக்குக் கவலை இல்லை.

"ஆன் ஆகல"ங்கிறது "உடம்பு சரியில்லை"ங்கிற மாதிரி. அதை வெச்சு மருந்து கொடுக்க முடியாது. லைட்டும் எரியல, ஃபேனும் சுத்தலைன்னா, அது கரண்ட் சமாசாரம். பிளக், யூபிஎஸ், அப்புறம் எஸ்எம்பிஎஸ். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் நீங்க திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஃபேன் சுத்துது, திரை மட்டும் கருப்புன்னா, முதல் சந்தேகம் ரேம் மேல. பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழட்டி, தங்கக் கலர்ல இருக்குற அந்த ஓரத்தைப் பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, திரும்ப அழுத்தி மாட்டுங்க. பாதி கேஸ் இதிலேயே முடிஞ்சுடும். நல்லா ஓடிக்கிட்டே இருந்து பத்து நிமிஷத்துல பொசுக்குன்னு அணைஞ்சா, சூடு. ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்குது. ஹீட் சிங்க்ல தூசி அடைச்சிருக்கும்.

கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் பக்கம் இந்தத் தூசி தனி ரகம். ஆனி, ஆடிக் காத்துல கரிசல் மண்ணு ஜன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வந்துடும். இன்னொண்ணும் அந்த மண்ணுல உண்டு. கேபினட்டைத் தொட்டா சுருசுருன்னு இழுக்குதுன்னு சொல்லுவாங்க. கரிசல் காஞ்சா சுருங்கி வெடிக்கும். எர்த் கம்பியைச் சுத்தி இருக்குற மண்ணும் காஞ்சு விலகிடும். அப்புறம் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனாலதான் பழைய எலெக்ட்ரீஷியன்கள் கோடையில எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க. அது மூடநம்பிக்கை கிடையாது.

இனி நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். லோகோ வருது, விண்டோஸ் வர்றதுக்குள்ள திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது. இதுக்கு நம்ம ஊர்ல ஒரே வைத்தியம்தான்: ஃபார்மட்.

என் அத்தை வீடு பாஞ்சாலங்குறிச்சியில இருக்கு. ஆமா, கட்டபொம்மன் ஊர்தான். அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. மாமா இருந்த வரைக்கும் மொய்க் கணக்கு, நிலத்துப் பத்திரம் ஸ்கேன் பண்ணினது, பிள்ளைங்க சின்ன வயசு போட்டோ எல்லாத்தையும் அதுலதான் போட்டு வெச்சார். அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. வேற எங்கேயும் காப்பி கிடையாது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்ததுல இருந்து இதே கதை: லோகோ, ஒரு நொடி நீலத் திரை, ரீஸ்டார்ட். டவுன்ல ஒரு கடையில மெஷினைத் திறந்துகூடப் பாக்காம, "ஓ.எஸ். போச்சு, ஃபார்மட் அடிக்கணும், உள்ளே இருக்கிறது போயிரும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் போனப்ப அத்தை கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏய்யா, மாமா போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு. அதும் போயிருமா?"

நீலத் திரை ஒரு நொடிதான் வருதுன்னா, அதை நிறுத்தி வாசிக்கணும். விண்டோஸ் 7ல எஃப் 8 அழுத்தினா, பிழை வந்தா தானா ரீஸ்டார்ட் ஆகாம நிறுத்துற ஒரு வழி இருக்கு. நிறுத்தி, போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். கடைசியில 7பின்னு முடியிற ஒரு எண். அதுக்கு அர்த்தம், விண்டோஸால தான் குடியிருக்கிற டிஸ்க்கையே எட்ட முடியல. ஒண்ணு டிஸ்க் செத்திருக்கணும், இல்லைன்னா டிஸ்க்குக்குப் போற வழி மாறியிருக்கணும். டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் எதுவும் இல்லை. (அந்தச் சத்தம் கேட்டா உடனே அணைச்சுடுங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்றதும் மிச்சம் இருக்கிறதையும் கெடுக்கும்.)

அடுத்து எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, ஒரு பென் டிரைவ்ல உபுண்டு போட்டு அதுல இருந்தே மெஷினை பூட் பண்ணினேன். இன்ஸ்டால் பண்ணாம, சும்மா ஓட்டிப் பாக்குற வசதி அதுல இருக்கு. மாமாவோட ஃபோல்டர் எல்லாம் அப்படியே தெரிஞ்சுது. வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி பண்ணி முடிச்சதும், அத்தைகிட்டே "போட்டோ வெளிய வந்துட்டு அத்தை"ன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, எழுந்து காப்பி போடப் போயிட்டாங்க.

அப்புறம் பயாஸுக்குள்ள போனேன். தேதி 2009ன்னு காட்டுச்சு. அங்கேயே விஷயம் பிடிபட்டுச்சு. மதர்போர்டுல சட்டை பட்டன் மாதிரி ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், பேரு சிஆர் 2032. மெயின் கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் ஞாபகம் வெச்சுக்கிறது அதுதான். ராத்திரி சுவிட்சை அணைச்சுட்டுத் தூங்குற வீடுகள்ல அதுக்கு வேலை அதிகம். தீர்ந்து போச்சுன்னா, அடுத்த பவர் கட்ல செட்டிங் எல்லாம் கம்பெனியில வெச்ச பழைய நிலைக்குப் போயிடும். இந்த மெஷின்ல டிஸ்க்கோட பேசுற முறை ஏஹெச்சிஐல இருந்து ஐடிஇக்கு மாறியிருந்துச்சு. விண்டோஸ் தெரிஞ்ச கதவைத் தேடி, காணாம, விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. பேட்டரியை மாத்தி, அந்த ஒரு வரியைத் திருப்பி வெச்சேன். வந்துடுச்சு. பேட்டரிக்கு ஆன செலவு ரெண்டு டீ, ரெண்டு வடை அளவுதான்.

ஃபார்மட் அடிச்சிருந்தாலும் இந்த மெஷின் ஓடியிருக்கும். புது விண்டோஸ் புதுச் செட்டிங்கிலேயே நல்லா உக்காந்திருக்கும். கடைக்காரர் சொன்னது சரின்னு எல்லாரும் நம்பியிருப்போம். பேட்டரிதான் காரணம்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு டூர் போனவங்க பாத்திருப்பீங்க, அங்கே நிக்கிற கோட்டை 1974ல தமிழ்நாடு அரசு கட்டினது. அசல் கோட்டையை 1801ல வெள்ளைக்காரங்க தரைமட்டமாக்கிட்டாங்க. அதோட அடித்தள மிச்சம் தொல்லியல் துறை பாதுகாப்புல அங்கேயே கிடக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்ல குயிக் ஃபார்மட் அடிச்சா கிட்டத்தட்ட இந்த நிலைமைதான். மேல புதுசு, அடியில பழசு கொஞ்சம் மிச்சம். மேல எழுதாத வரைக்கும் தோண்டி எடுக்க வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டியில அந்த வாய்ப்பும் ரொம்பக் குறைவு, அழிச்ச இடத்தை அதுவே பின்னாடி துடைச்சு வெச்சுடும்.

பெரிய அளவுல பாக்கணும்னா 2024 ஜூலை 19ஐ எடுத்துக்கோங்க. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையில நின்னுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுலயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அதுக்குக்கூட ஃபார்மட் தேவைப்படல. சேஃப் மோடுல போய் ஒரு ஃபைலை அழிச்சா போதும்னு இருந்துச்சு. உங்க வீட்டு விண்டோஸ் 10, 11லயும் பூட் தொடர்ந்து தோத்துப் போனா ரிப்பேர் திரை தானா வரும். அங்கே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், 4ஐ அழுத்தினா சேஃப் மோடு. கடைசியா போட்ட டிரைவரையோ அப்டேட்டையோ அங்கே எடுத்துப் பாருங்க.

அன்னைக்குப் பல கம்பெனி ஆட்கள் முழிச்சது பிட்லாக்கர் சாவி கிடைக்காமதான். இப்போ வர்ற பல லேப்டாப்ல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கு. அந்த 48 இலக்க எண் இல்லைன்னா நான் மேல சொன்ன பென் டிரைவ் வித்தையெல்லாம் பலிக்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள போனா இருக்கும். மெஷின் நல்லா இருக்கும்போதே எடுத்து ஒரு டைரியில எழுதி வையுங்க.

கடைக்குத்தான் போயாகணும்னா, டெஸ்க்டாப்பா இருந்தா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க. ரேம், போர்டு, எஸ்எம்பிஎஸ் பாக்குறதுக்கு அது வேண்டியதில்லை. லேப்டாப்பா இருந்தா, "என்கிட்டே கேக்காம ஃபார்மட் பண்ணக் கூடாது"ன்னு ரசீதிலேயே எழுதி வாங்குங்க.

அடுத்த எபிசோட்ல, தண்ணியில விழுந்த போனை அரிசி டப்பாவுல போடலாமா வேண்டாமான்னு பேசலாம்.