நிற்கத் தெரிந்த ரிசீவர்

அமெரிக்கக் கால்பந்தில், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள் நெருங்கும்போதெல்லாம், பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி, "நாற்பது கெஜம் எத்தனை விநாடி?" என்பதுதான். பள்ளி அணியில் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். எனக்கு இந்தக் கேள்வி சலித்துவிட்டது. டிராஃப்டுக்கு முன் உடல்திறனை அளக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைனில் பையன்கள் ஓடுவது தோள் கவசம் இல்லாமல், எதிரே ஆள் இல்லாமல், நேர்கோட்டில். ஆட்டத்தில் அப்படி ஓட யார் விடுகிறார்கள்?

நான் பார்ப்பது வேறு. அந்தப் பையன் எப்படி நிற்கிறான் என்று பார்க்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: எப்படி நிற்கிறான்!

கம்பேக் ரூட் என்னும் ஓட்டப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து கெஜம் பாய்ந்து போய், சட்டென நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பி வரவேண்டும். அவனைத் தடுக்க நிற்கும் கார்னர்பேக்கின் கண் ரிசீவருடைய இடுப்பிலேயே இருக்கும். நிற்கத் தெரியாதவன் முன்கூட்டியே நெஞ்சை நிமிர்த்துவான், கைவீச்சைக் குறைப்பான், பொடிப்பொடியாக ஐந்தாறு அடி வைப்பான். அதற்குள் எதிராளிக்கு விஷயம் தெரிந்துபோகும். நிற்கத் தெரிந்தவனோ கடைசிவரை ஆழமாகப் போகிறவனாகவே ஓடுவான். பிறகு இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று அடியில் வேகம் முழுவதையும் தரையில் இறக்கிவிடுவான். கார்னர்பேக் இன்னும் பின்வாங்கிக்கொண்டிருப்பான். அங்கே பிறக்கும் இரண்டு கெஜ இடைவெளிக்குத்தான் அணிகள் கோடிக்கணக்கில் பணம் கொடுக்கின்றன.

எங்கள் மைதானத்தில் ஒரு கூம்பை வைத்து, முழு வேகத்தில் வந்து அதன் அருகே நின்று திரும்பச் சொல்வேன். அணியிலேயே வேகமான பையன் அதைத் தாண்டிப் போய்த்தான் நிற்பான். அவனுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம் முழுவதும் போதாது.

2017 டிராஃப்டைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. வாஷிங்டன் மாநிலத்திலிருந்தே இரண்டு ரிசீவர்கள். ஒருவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ். 4.22 விநாடி ஓட்டம், அன்றைக்குக் கம்பைன் சாதனை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. இன்னொருவர், சிவப்புப் புல்தரையில் ஆடும் ஈஸ்டர்ன் வாஷிங்டன் கல்லூரியின் கூப்பர் கப். 4.62 விநாடி. மூன்றாவது சுற்றில், 69ஆவது ஆளாக ராம்ஸ் அணிக்குப் போனார்.

4.62! ஆனால் அவர் கல்லூரியில் பிடித்த பந்துகள் 428, சேர்த்த கெஜங்கள் 6,464. சின்னக் கல்லூரி, சின்ன எதிரணிகள் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். அப்படிப்பட்ட பையனை எடைபோட, பெரிய அணியோடு அவன் ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பார்க்கவேண்டும். 2015இல் ஆரிகன் அணிக்கு எதிராக கப் 15 பந்துகள் பிடித்தார், 246 கெஜம், மூன்று டச்டவுன். அந்த ஆட்டத்தை என் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன். பந்தைப் பார்க்காதே, அவர் இடுப்பைப் பார், காலைப் பார் என்பேன். ஒரே வேகத்தில் போவதுபோல் போய், வேகத்தை மாற்றி, நின்று, திரும்புவதற்குள் ஆரிகன் ஆள் எங்கேயோ இருப்பார்.

ராஸைக் காயங்கள் விடாமல் துரத்தின, அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் தொழில்முறை ஆட்டத்தில் அவர் மொத்தமாகச் சேர்த்தது ஆயிரம் கெஜத்துக்கும் குறைவு. கப்போ 2021இல் ஒரே பருவத்தில் 145 பந்துகள், 1,947 கெஜம், 16 டச்டவுன் எடுத்து, மூன்றிலும் லீகிலேயே முதலிடம் பிடித்தார். அந்தப் பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில், ராஸை எடுத்த அதே பெங்கால்ஸுக்கு எதிராக வெற்றி டச்டவுனைப் பிடித்து ஆட்ட நாயகனானதும் கப்தான். கப்பைப் போலவே பின்சுற்றில் வந்தவர் இன்னொருவர்: அதே ராம்ஸ் 2023இல் ஐந்தாவது சுற்றில் 177ஆவது ஆளாக எடுத்த புகா நகுவா, முதல் பருவத்திலேயே 105 பந்துகள், 1,486 கெஜம் என்று புதுமுகச் சாதனை படைத்தார்.

உயரம், கையளவு, எம்பிக் குதிக்கும் தூரம் எல்லாம் இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சிப் படம் பந்தின் பின்னாலேயே போகும், ரிசீவர் நிற்பது அதில் தெரியாது. இருபத்திரண்டு பேரையும் மேலிருந்து காட்டும் பதிவு கிடைத்தால் அதைப் பாருங்கள். பந்து தன் பக்கம் வராத ஆட்டங்களிலும் அவன் ஒழுங்காக நிற்கிறானா என்று பாருங்கள். சில கல்லூரிகளில் கம்பேக் ரூட்டே ஓடச் சொல்லமாட்டார்கள். அங்கே, அதேபோல நின்று திரும்பும் கர்ல் ரூட்டைப் பாருங்கள், அதுவும் மைதானத்தின் இரண்டு பக்கமும். ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கத் தெரிந்தவனை, 4.3 விநாடியில் ஓடினாலும், மூன்றாவது சுற்றுக்கு முன்னால் நான் எடுக்கமாட்டேன்.