காய்ச்சல் கணக்கு

திருவனந்தபுரம் வலியசாலையில், சிவன் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. மழைக்காலத்தில் ஒரு வீட்டில் டெங்கு வந்தால் பக்கத்து வீடும் உஷாராக வேண்டும். அந்தச் செய்தி சுகாதாரத் துறைக்கு எப்போது போய்ச் சேருகிறது?

2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள். களப் பணியாளர் அறிகுறியை எழுதுவார், மருத்துவர் தாம் சந்தேகிக்கும் நோயை எழுதுவார், ஆய்வகம் முடிவை எழுதும். திங்கள் முதல் ஞாயிறு வரை கூட்டி, பெரும்பாலும் எண்ணிக்கையாகவே மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழெட்டு நாளே போதும். தாள் போய்ச் சேரும்போது அடுத்த தலைமுறைக் கொசு கடிக்க வந்துவிடும்.

2021 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் இதை மாற்றியது. 18 நோய்கள் 33 ஆயின. களப் பணியாளர் கைபேசியிலேயே அன்றன்று பதிகிறார். எண்ணிக்கை மட்டுமல்ல, நோயாளி எந்த ஊர் என்பதும் வரைபடத்தில் தெரிகிறது. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் இது.

ஆனால் தனியார் மருத்துவமனையும் ஆய்வகமும் பதியாவிட்டால், காய்ச்சலில் கிடக்கும் தெருவும் வரைபடத்தில் சுத்தமாகவே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. நீங்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியைக் கொடுங்கள். ஆதாரில் உள்ள பழைய முகவரியைக் கொடுத்தால், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அந்தத் தெருவுக்குத்தான் போவார்கள்.